போஞ்சி அரைக் கிலோ

ஏற்காட்டுக்கு வந்த புதிதில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் காய்கறிக் கடையில் நான் முதன்முதலில் கேட்டது போஞ்சி. “போஞ்சி அரைக் கிலோ தாங்கோ” என்றேன். கடைக்காரர் பஷீர் பாய் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையுடன் வீதியின் எதிர்ப்பக்கம் கையை நீட்டி, “பஞ்சுங்களா? மெடிக்கல்ல கெடைக்குமுங்க” என்றார். அவருக்கும் எனக்கும் நடுவில், என் கைக்கு எட்டுகிற இடத்தில், ஒரு கூடை நிறையப் போஞ்சி கிடந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன். “அட, பீன்ஸுங்களா! அப்படிக் கேளுங்க” என்று சிரித்தபடி நிறுத்துக் கொடுத்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் வாங்கினேன். ‘அப்படிக் கேளுங்க’ என்ற அந்தச் சொல் என்னை எவ்வளவு தூரம் துரத்தப் போகிறது என்பது அன்றைக்குத் தெரியாது.

அதன் பிறகு அந்தக் கடையில் எனக்கும் அவருக்கும் நடந்ததையெல்லாம் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பூசணி கேட்டால் நீற்றுப்பூசணியைத் தூக்கி வைப்பார். எனக்கு வேண்டிய மஞ்சள் பூசணிக்கு இந்தப் பக்கத்தில் அரசாணிக்காய் என்று பெயர். கோவா கேட்டால் கோவைக்காய் வரும். நான் கேட்டது முட்டைகோஸ். உள்ளி என்று வாயெடுத்தால் போதும், பூண்டு எடுத்துத் தருவதற்கு முன்னால் “மலையாளமுங்களா?” என்பார். “இல்லை, நான் தமிழ்தான்” என்பேன். “ஓ” என்பார். அந்த ‘ஓ’வில் நம்பிக்கை இருக்காது. இத்தனைக்கும் இவர்கள் பேச்சுக்கும் எங்கள் பேச்சுக்கும் அப்படியொன்றும் பெரிய தூரமில்லை. இவர்கள் ‘தாங்க’ என்று வாய் திறந்து முடிப்பதை நாங்கள் ‘தாங்கோ’ என்று உதடு குவித்து முடிக்கிறோம். ஆனால் அந்த ஒரு குவிப்பு போதும், கடையில் நிற்கும் எல்லாரும் திரும்பிப் பார்க்க.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா தொலைபேசியில் அடிக்கடி சொல்லுவாள்: “உனக்கென்னடி, தமிழ்நாட்டில இருக்கிறாய். வாய் திறந்தால் தமிழ். நாங்களெல்லோ இந்தக் குளிருக்குள்ள கிடந்து இங்கிலீசோட மாரடிக்கிறம்.” அவள் வாரத்துக்கு ஒருமுறை போகும் தமிழ்க் கடையின் படத்தை ஒருநாள் அனுப்பினாள். பெட்டி பெட்டியாக மரக்கறி. ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை. போஞ்சி, பயித்தங்காய், கறிமிளகாய், கோவா, தேசிக்காய். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பனி கொட்டுகிற நாட்டில் என்னுடைய சொற்கள் அட்டையில் எழுதித் தொங்குகின்றன. தமிழ்நாட்டில் அவற்றை மருந்துக் கடைக்கு அனுப்பி வைக்கிறார்கள். இதை அவளுக்குச் சொன்னபோது பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் இளவாலையைச் சேர்ந்தவள். அகதியாக இங்கே வரவில்லை, படகிலும் வரவில்லை. கத்தாரில் தோஹாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்தேன். காய்கறிப் பகுதியில் எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. அங்கே குளிர்கிடங்கிலிருந்து வான் வண்டியில் பெட்டிகள் கொண்டுவந்து இறக்குகிறவர் அமல்ராஜ், ஏற்காட்டு மலையில் நாகலூர்க்காரர். நாங்கள் பேசிய முதல் பேச்சு இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதை. அன்றைக்கு முட்டைகோஸ் வரவேண்டியிருந்தது. வண்டியில் இருந்து இறங்கியவரிடம், “கோவா வந்திட்டுதோ?” என்று கேட்டேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “கோவா இல்லீங்க, நான் சேலமுங்க” என்றார். தன் சொந்த ஊரைக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். ஊரைச் சொல்லிவிட்ட பிறகு பேரையும் சொன்னார். அப்படியே தொடர்ந்து கல்யாணத்தில் வந்து நின்றது.

தோஹாவின் அந்தக் கடையை நான் இன்னும் மறக்காததற்கு அது மட்டும் காரணமில்லை. அங்கே எவருக்கும் அந்த ஊர் சொந்த ஊராக இருக்கவில்லை. நேபாளத்துப் பையன்கள் ‘பியாஜ்’ என்று கேட்பார்கள். பிலிப்பைன்ஸ் பெண்கள் ‘சிபுயாஸ்’ என்பார்கள். மலையாளிகளுக்கு அது ‘உள்ளி’, சிங்களவர்களுக்கு ‘லூனு’, அரபு முதியவர் ஒருவர் கைத்தடியைத் தட்டித் தட்டி ‘பசல், பசல்’ என்பார். எல்லாம் வெங்காயந்தான். என்னை எவரும் உட்காரவைத்து இதையெல்லாம் படிப்பிக்கவில்லை. ஓர் ஆள் முன்னால் வந்து நின்று கேட்டால், அவர் எதைக் கேட்கிறார் என்று அறிந்துகொள்வது என் வேலை என்று நினைத்தேன். அறிந்துகொண்டேன். ‘அப்படிக் கேளுங்க’ என்று அங்கே எவரிடமும் நான் சொன்னதில்லை. தமிழர்களின் ஊருக்கு வந்தபிறகுதான் அதை என்னிடம் சொன்னார்கள்.

நாகலூர் ஏற்காடு நகரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். வழி முழுக்கக் காப்பித் தோட்டம், அதற்கு நிழலாகச் சில்வர் ஓக், மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக் கொடி. இந்த மலையில் விளைகிற காப்பியும் மிளகும் ஆரஞ்சும் கீழே போய்விடுகின்றன. மலைக்காரர்கள் தின்கிற காய்கறி பெரும்பாலும் சேலத்திலிருந்து லாரியில் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது. சமைக்கிறவளுக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். என் மாமியார் ரெஜினாமேரி எஸ்டேட்டில் காப்பி பறித்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். நான் அவரை மாமி என்று கூப்பிடுகிறேன். இங்கே அத்தை என்பார்கள். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். “என்னமோ ஐயர் ஊட்டு மாமியாட்டம் கூப்புடறா” என்று அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, கூப்பிட்ட குரலுக்கு ‘என்ன கண்ணு’ என்று வந்தார். மாற்றிக் கூப்பிடச் சொன்னதில்லை.

எல்லாம் மாறியது ஒரு மிளகாயால். மகள் ஜெனி அப்போது பாலர் வகுப்பில் இருந்தாள். நகரத்தில் புதிதாகத் திறந்த சூப்பர்மார்க்கெட்டில் நான் மசாலாச் சாமான் அடுக்கியிருந்த பக்கத்தில் தேடிக் களைத்து, அங்கே நின்ற பணியாளரிடம் “செத்தல் மிளகாய் எங்கை இருக்கு?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் காய்ந்த மிளகாய்க்கு அதுதான் பெயர். அந்த இளைஞன் கண்ணை அகல விரித்து, “செத்த மொளகாயுங்களா? நம்ம கடையில எதுவும் சாகலீங்க, எல்லாம் ஃப்ரெஷ்ஷுங்க” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, நல்ல பதில்தான். ஆனால் காசு கட்டும் இடத்தில் என் பின்னால் நின்ற ஒருவர் சிரிக்கவில்லை. “எந்த ஊரும்மா? சிலோனா? கேம்ப்ல இருந்து வெளிய வர விடுறாங்களா?” என்று கேட்டார். “நான் கேம்பில் இல்லை, நாகலூரில் இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். மஃப்டியில்தான் வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாமி கொடுத்த காப்பியைக் குடித்து, ஜெனியின் கன்னத்தைத் தட்டி, பிறகு என் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கேட்டார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. வெளிநாட்டவர் பதிவும் ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்திருந்தோம். ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கடையில பேச்சு வித்தியாசமா இருக்குதுன்னு யாரோ சொன்னாங்க. சொன்னா நாங்க வந்து பாக்கணும்ல” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் போனபிறகு மாமியின் முகத்தைப் பார்த்தபோதுதான் நெஞ்சு எரிந்தது. காப்பி டம்ளரைக் கழுவாமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

“கண்ணு, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காத சாமி” என்றார் கடைசியில். “இனிமேட்டு கடைக்குப் போனா வாயத் தொறக்காத. அந்தப் பெரிய கடைக்கே போ. நாமளே எடுத்துக் கூடையில போட்டுக்கலாம். பேசவே வேண்டியதில்ல. காச குடுத்துட்டு வந்துரு.”

“நான் என்ன பிழை விட்டனான் மாமி?”

“பிழைன்னு யாரு சொன்னா? எங்க மாமனார் காலத்துல இருந்து இந்த ஊட்டுக்குப் போலீசு வந்ததில்ல. நொம்பப் பயமா இருக்குது கண்ணு. உன்னத் திருப்பி அனுப்பிச்சுட்டா எம் பையனும் இந்தப் புள்ளயும் என்ன பண்ணுவாங்க?”

அமல் அன்று பெங்களூர்ப் பயணிகளை ஏற்றிக்கொண்டு டாக்சியில் போயிருந்தார். இரவு வந்து நடந்ததைக் கேட்டுவிட்டு, அம்மா சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி என்றார். நல்ல மனிதர். இப்படியான நேரங்களில் நல்ல மனிதர்களால் பெரிய உதவி கிடைப்பதில்லை.

நான் மாமிக்காக ஒப்புக்கொண்டேன். அவருடைய பயத்தில் என்மேல் இருந்த அன்பும் கலந்திருந்தது என்பதால் மறுக்க முடியவில்லை. மாதக்கணக்காகப் பேசாமல் கடைக்குப் போனேன். சூப்பர்மார்க்கெட் என்பது பேசாதவர்களுக்காகவே கட்டிய இடம் என்று அப்போது விளங்கியது. போஞ்சிக்கு அங்கே பெயர் தேவையில்லை. மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி விலை ஒட்டி வைத்திருப்பார்கள். எடுத்துக் கூடையில் போடலாம். முற்றலா பிஞ்சா என்று நகத்தால் அழுத்திப் பார்க்க முடியாது. மேசையில் வைத்தால் இயந்திரம் ‘பீப்’ என்று சொல்லும். கைப்பேசியைக் காட்டினால் காசும் போய்விடும். “கவர் வேணுங்களா?” என்பதுதான் அங்கே மனிதர் கேட்கும் ஒரே கேள்வி. அதற்கும் தலையை ஆட்டினால் போதும். ஒருநாள் காசு வாங்கும் பெண் பக்கத்திலிருந்தவளிடம், “பாவம், வாய் பேச வராதாட்டம் இருக்குது” என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குக் காது கேட்கும் என்று அவள் நினைக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். வெளியே ஏரிப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. பயணிகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு, கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டு போனார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஊரை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. சுன்னாகம் சந்தையைச் சொர்க்கம் என்று உங்களுக்கு எழுதமாட்டேன். அங்கேயும் அழுகிய தக்காளியை அடியில் வைத்துத் தருவார்கள். ஆனால் அந்த நாட்களில், சிறுவயதில் அம்மாவோடு கடைக்குப் போனது அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. யுத்தத்தால் பொருளாதாரத் தடை இருந்த காலம். சவர்க்காரம் இல்லை, மெழுகுதிரி இல்லை, கடைத் தட்டுகளெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். எது இல்லை என்று ஊருக்கே தெரியும். அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் கடை வாசலில் நின்று, உரத்த குரலில், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைக்காரர் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். “இல்லையெண்டு தெரிஞ்சும் ஏனம்மா கேட்கிறியள்?” என்பேன். “இல்லையெண்டு அவையள் சொல்லட்டும். நான் கேட்காமல் விடமாட்டன்” என்பார். அந்தப் பெண்ணின் மகளான நான், எல்லாச் சாமானும் நிறைந்து வழிகிற கடையில், ஊமைபோல நடமாடிக்கொண்டிருந்தேன்.

போன மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிய வாரம். பள்ளி விடுமுறை, மலர்க் கண்காட்சி, திருவிழா எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மலை முழுக்க வாகனம். நானும் ஜெனியும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனபோது காய்கறித் தட்டுகளில் வாடிய கீரையைத் தவிர எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் பஷீர் பாய் கடைக்குப் போனோம். நெடுநாளைக்குப் பிறகு போகிறேன். கடையில் நல்ல கூட்டம். எங்கள் மாதா கோயிலில் மறைக்கல்வி வகுப்பெடுக்கும் ஸ்டெல்லா டீச்சரும் நின்றார். எங்கள் முறை வந்தது. பஷீர் பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “வாங்கம்மா, என்ன வேணுங்க?” என்றார்.

நான் கையை நீட்டிக் காட்டுவதற்குள் ஜெனி முன்னால் போய்விட்டாள். குதிக்காலில் எம்பி நின்று, கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னாள்:

“மாமா, எங்கம்மாவுக்குத் தமிழ் வராதுங்க. நான் சொல்றேன். பீன்ஸ் அரைக் கிலோ குடுங்க.”

குழந்தை எனக்கு உதவி செய்கிறாள். அதில் கொஞ்சமும் கேலி இல்லை. திரும்பி என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்கவும் செய்தாள். எனக்கு உச்சந்தலையில் யாரோ அடித்ததுபோல இருந்தது. நான் தாலாட்டியது தமிழில். இவளுக்கு வாயில் சோறு ஊட்டியது தமிழில். இவளுக்குப் பேச்சே என்னிடமிருந்து வந்தது. அவளுடைய தோளைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“பாய், பிள்ளை சொன்னது பிழை. எனக்குத் தமிழ் வரும். போஞ்சி அரைக் கிலோ தாங்கோ. உள்ளி கால் கிலோ. தேசிக்காய். செத்தல் மிளகாய்.”

பஷீர் பாய்க்குச் சங்கடமாக இருந்தது. “அம்மா, நான் ஒண்ணுஞ் சொல்லலீங்களே. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. கையக் காட்டுங்க, போட்டுக் குடுத்தர்றேன்.”

“கையைக் காட்டமாட்டன். நான் ஊமை இல்லை. விளங்கேல்லை எண்டால் திருப்பிக் கேளுங்கோ, திருப்பிச் சொல்லுறன்.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கடை முன்னால் அவ்வளவு கூட்டம். ஆனால் அவர் தராசிலிருந்து கையை எடுத்து, பலகையில் ஊன்றிக்கொண்டு, உண்மையாகவே கேட்டார். “செரிங்க. போஞ்சின்னா எப்படி இருக்குமுங்க?”

“பச்சையாய், நீட்டாய் இருக்கும். உடைச்சால் சடக்கெண்டு முறியும்.”

“தட்டக்காயுங்களா?”

“அது பயித்தங்காய். அது இன்னும் நீட்டு, வளைஞ்சு தொங்கும்.”

“அப்ப பீன்ஸுதானுங்க.”

“அதுதான்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஸ்டெல்லா டீச்சருக்குப் பொறுக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. என் மகளுக்கு ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தவர். “ஏம்மா, அத முன்னாடியே பீன்ஸுன்னு சொல்லக் கூடாதா?” என்றார். “வந்து இத்தனை வருசம் ஆச்சு. எங்க ஊருக்கு வந்தா எங்க தமிழக் கத்துக்க வேண்டாமா? புள்ளைக்கும் இந்தப் பேச்சு தொத்திக்கும், பாவம்.”

“டீச்சர், பீன்ஸ் எந்த ஊர்த் தமிழ்?” என்று கேட்டேன்.

கூட்டத்தில் இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்ப உங்க போஞ்சி மட்டும் சுத்தத் தமிழா?” என்றார்.

“இல்லை. அது ஒல்லாந்தன்ர சொல்லாம். சிங்களத்துக்குள்ளால எங்களிட்ட வந்தது. உங்கட பீன்ஸ் வெள்ளைக்காரன்ர. ரெண்டும் இரவல்தான். உங்கட இரவல் உங்களுக்கு, என்ர இரவல் எனக்கு.”

இவ்வளவு உரத்துப் பேசுவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. கையைப் பையின் காதுக்குள் விட்டுக்கொண்டேன். பஷீர் பாய் “ஏனுங்க, விடுங்க, விடுங்க” என்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே நிறுத்தார். உள்ளி என்றால் பூண்டு என்று அவராகவே எடுத்தார். தேசிக்காய்க்குத் திரும்பக் கேட்டார், சொன்னேன், எலுமிச்சையை எடுத்தார். மிளகாய்க்குக் கேட்கவில்லை. பையை நீட்டும்போது, “ஆனா நான் பீன்ஸுன்னுதான் சொல்லுவேனுங்க” என்றார். “சொல்லுங்கோ. எனக்கு விளங்கும்” என்றேன். அதற்கு மேல் எங்களுக்குள் எந்தச் சமாதானப் பேச்சும் நடக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே கதை நாகலூருக்குப் போய்விட்டது. மாமி வாசலில் நின்றார். “சொல்லியும் கேக்கலியா கண்ணு? கடைத்தெருவுல நின்னு சண்டை போட்டியாமா? நாளைக்கே மறுபடியும் அந்த ஆளு வந்து நின்னா?” என்று கேட்டவரின் குரல் உடைந்திருந்தது. நான் கடையில் ஜெனி சொன்னதை மட்டும் சொன்னேன். மாமி பேத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அம்மாவுக்குத் தமிழ் வராதுன்னு உனக்கு யாரு சாமி சொன்னது?”

“நீதான அப்பாயி” என்றாள் ஜெனி. “கடையில அம்மாவைப் பேசாதன்னு நீதான சொன்ன. பேச வந்தா ஏன் பேசாதன்னு சொல்லுவ?”

மாமி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. கோபமென்று நினைத்தேன். அடுத்த வாரம் நான் தயங்கித் தயங்கி, பஸ்ஸுக்கு நேரமாகியும் புறப்படாமல் நின்றபோது, அவரே பையை எடுத்துக்கொண்டு வந்தார். “போயிட்டு வா கண்ணு. வாயத் தொறந்து கேட்டு வாங்கிட்டு வா. போலீசு வந்தா வரட்டும், காப்பி வெச்சுக் குடுக்கலாம்” என்றார். பையை வாங்கியபோது அடியில் ஏதோ தட்டுப்பட்டது. என் விசாவையும் பாஸ்போர்ட்டையும் நகலெடுத்து, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மாமி அதற்குள் வைத்திருந்தார். பயம் போகவில்லை. பயத்தை வைத்துக்கொண்டே என்னை அனுப்புகிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்த உறைமேல்தான் தக்காளியும் வெங்காயமும் வந்து விழுகின்றன.

ஸ்டெல்லா டீச்சர் இன்னும் சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் என் பக்கம் திரும்பிக் கை கூப்புகிறார், கண்ணைப் பார்ப்பதில்லை. நானும் கூப்புகிறேன். ஜெனியை வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை, அவர் சொல்லித் தருவதையும் நிறுத்தவில்லை. ஜெனி இப்போது கடைக்கு வந்தால் தன் வாய்க்கு வந்ததைக் கேட்கிறாள். ஒருநாள் பீன்ஸ், ஒருநாள் போஞ்சி. நான் திருத்துவதில்லை.

போன வாரம் காய்கறியோடு திரும்பும்போது பஸ்ஸில் நல்ல நெரிசல். நடத்துநரிடம் “நாகலூர் ஒண்டு” என்று டிக்கெட் எடுத்தேன். பக்கத்து இருக்கையில் தலைச்சோலை என்ற மலைக்கிராமத்து அம்மா ஒருவர். வயதானவர், மடியில் ஒரு பலாப்பழத்தைக் குழந்தைபோல வைத்திருந்தார். என் பேச்சைக் கேட்டதும் திரும்பினார்.

“எந்த ஊருங்க?”

“நாகலூர்.”

“அது தெரியுதுங்க, டிக்கெட்டு அங்கதான எடுத்தீங்க. சொந்த ஊரு?”

“யாழ்ப்பாணத்தில் இளவாலை. பிறகு நாகலூரும்.”

“ரெண்டுமா? அதெப்படிங்க ரெண்டு ஊரு?”

“ஒண்டு காணாதுங்க” என்றேன்.

எங்கள் ஊரில் அதற்கு, ஒன்று போதாது என்று பொருள். கடைசியில் ஒட்டிய ‘ங்க’ எப்போது என் வாய்க்குள் புகுந்தது என்று எனக்கே தெரியாது. அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பலாப்பழத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் என் கையைப் பிடித்தார். “அடக் கடவுளே” என்றார் மெதுவாக. “எந்த ஊரு கண்ணு காணாமப் போச்சு?”

“ஒண்டும் காணாமல் போகேல்லை அம்மா. ரெண்டும் என்னட்டத்தான் இருக்கு.”

அவர் நம்பவில்லை. மேலே எதுவும் கேட்காமல், நாகலூர் வரும்வரை என் கையைப் பிடித்தபடியே இருந்தார். நானும் கையை எடுக்கவில்லை.